டோகோக்காரருக்கு நான் சொன்ன புத்தி

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஊரில் லொறி ஓடினவன். எழுதிப் பழக்கமில்லை. இது ஒரு டோகோக்காரரைப் பற்றியது. அவருக்கு நான் ஒரு புத்தி சொன்னேன். அவர் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

டோகோ மேற்கு ஆபிரிக்காவில் ஒரு சின்ன நாடு. வரைபடத்தில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி மெலிந்து நீண்டிருக்கும். அவரைக் காணும்வரை அப்படி ஒரு நாடு இருப்பது எனக்குத் தெரியாது. இலங்கை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்தவர்.

2009 கடைசியில் நான் ஆஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தேன். கிறிஸ்மஸ் தீவு முகாமில் எட்டு மாதம். பிறகு விசா தந்தார்கள். மெல்பேர்னுக்கு வந்து ஸ்பிரிங்வேலில் ஒரு வீட்டில் ஆறு பேராக இருந்தோம். ஆறு பேரும் படகுக்காரர்தான். 2011இல் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது.

அழுக்குப் பக்கத்தில் பைகளைக் கொட்டிப் பிரிப்பார்கள். இரத்தம், சலம், சில வேளை ஊசி. ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. கழுவின துணி எங்கள் பக்கம் வரும். படுக்கை விரிப்பை இரண்டு பேர் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலை. ஒன்றாக இழுத்து ஒன்றாக விட வேண்டும். ஒருவர் பிந்தினால் விரிப்பு சுருண்டுவிடும், சூப்பர்வைசர் வருவார். என் விரிப்பின் மற்ற இரண்டு மூலையையும் பிடித்தவர் டோகோக்காரர். நாளைக்கு எட்டு மணித்தியாலம் முகத்துக்கு முகம். பேசாமல் இருக்க என்னால் முடியும். அவரால் முடியாது.

வயது ஐம்பது இருக்கும், என்னிலும் எட்டோ ஒன்பதோ கூட. நெடுவல். வேலைச் சேர்ட்டைக்கூடக் காற்சட்டைக்குள் விட்டுத்தான் வருவார். என்னைப் பிரதர் என்பார். அவருடைய இங்கிலீஷ் கானாவில் பழகினது. என்னுடையது முகாமில் பழகினது. இரண்டும் எப்படியோ பொருந்தின. எங்களுக்குள் பேசினதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

முதல் கிழமையே நாட்டின் கதையைத் தொடங்கிவிட்டார். ஜெர்மன்காரன் கப்பலில் வந்தான். கரையோரத்தில் ஒரு தலைவனிடம் கடுதாசியில் அடையாளம் வாங்கினான். அந்தக் கடுதாசியை வைத்துக்கொண்டு உள்ளே உள்ளே போனான். ரயில்பாதை போட்டான். பருத்தி நட்டான். றோட்டுப் போட ஊர்ச் சனத்தைப் பிடித்தான். ஒருநாள் றோட்டு வேலைக்கு வரவில்லை என்று இவருடைய பாட்டனைக் குப்புறப் படுக்க வைத்து இருபத்தைந்து அடி அடித்தார்கள். இருபத்துநாலு குற்றத்துக்கு. கடைசி ஒன்று ஜெர்மன் ராசாவுக்கு.

"ராசாவுக்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"மரியாதைக்கு" என்றார். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

பிறகு முதலாம் உலக யுத்தம். ஒரு பக்கத்தால் இங்கிலீசுக்காரன் வந்தான், மற்றப் பக்கத்தால் பிரெஞ்சுக்காரன் வந்தான். ஜெர்மன்காரனைக் கலைத்துவிட்டு நாட்டை இரண்டாக வெட்டி ஆளுக்கொரு துண்டாக எடுத்தார்கள். கோடு இவருடைய சனத்தின் நடுவால் போனது. எவே என்று அந்தச் சனத்துக்குப் பெயர். இரண்டு பக்கமும் ஒரே பாஷை, ஒரே சாப்பாடு, ஒரே செத்தவீட்டுப் பாட்டு. அப்பாவின் வீடு பிரெஞ்சுப் பக்கம். அம்மா பிறந்த வீடு இங்கிலீசுப் பக்கம். நடந்தால் அரை நாள்.

கோடு கீறினவன் அந்த இடத்தை வந்து பார்த்தானா என்று கேட்டேன். வந்து பார்த்தான், எந்தப் பக்கம் கொக்கோ கூடுதலாக விளைகிறது என்று பார்த்தான் என்றார்.

பிரெஞ்சுப் பக்கம் 1960இல் டோகோ என்ற நாடானது. இங்கிலீசுப் பக்கம் அதற்கு முந்தியே கானாவோடு சேர்ந்துவிட்டது. டோகோவில் ஒரு பட்டாளத்துக்காரர் ஆட்சிக்கு வந்து முப்பத்தெட்டு வருசம் இறங்கவில்லை. 2005இல் செத்தார். மகனை உட்கார வைத்தார்கள். பிறகு பெயருக்கு ஒரு தேர்தல். இவர் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் ஒரு வாக்குச்சாவடிக்குப் பொறுப்பு. மத்தியானம் பட்டாளம் வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினது. இவர் கண்டதை அறிக்கைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்தத் தாள் எதிர்க்கட்சிக்காரர் கைக்குப் போனது. ஒரு கிழமையில் இவரைத் தேடி வந்தார்கள். மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு எல்லையைக் கடந்து கானாவில் மாமா வீட்டுக்கு ஓடினார். அம்மாவின் தம்பி.

அங்கே ஐந்து வருசம். அங்கேயும் இரண்டு தரம் இவரைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த இன்னொரு டோகோ வாத்தியார் சந்தைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. மாமா பயந்து போய், அக்காவின் மகன் என்று சொல்லி இவருக்கு ஒரு கானா பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பாஸ்போர்ட்டில் விசா போட்டு 2010இல் மெல்பேர்னில் வந்து இறங்கி அகதி என்று எழுதிக் கொடுத்தார்.

இமிகிரேசனில் மறுத்துவிட்டார்கள். டோகோவில் உமக்கு ஆபத்து இருக்கலாம், ஆனால் கையில் இருப்பது கானா பாஸ்போர்ட், நீர் கானாக்காரர், அங்கே போய் இரும் என்று எழுதியிருந்தார்கள். மேல்முறையீடு போட்டிருந்தார். அதைத்தான் நாங்கள் ரிவியூ என்போம். அதில் வென்றால் இங்கே இருக்கலாம், மனைவியையும் மகளையும் இங்கே எடுக்கலாம். தோற்றால் கானா. மகளுக்கு அப்போது பதினாறு. அவர் விட்டுவிட்டு வரும்போது பத்து.

2012 தொடக்கத்தில் ரிவியூவுக்கு நாள் வைத்தார்கள். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். நான் விசா கிடைத்தவன். விசா கிடைத்தவனின் சொல்லுக்கு அந்த நாளில் ஒரு மதிப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். யாருக்காவது இன்டர்வியூ வந்தால் முன்னுக்கு நாலைந்து ஞாயிறு ஒத்திகை பார்ப்போம். முகாமில் தொடங்கினது. குசினி மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் ஒஃபிசர். இந்தப் பக்கம் இன்டர்வியூக்காரர். மற்றவர்கள் சுவரோரம் நின்று பிழை பிடிப்பார்கள். திகதி மாறினால் பிழை. கேட்காததைச் சொன்னால் பெரிய பிழை. முகாமில் எங்களோடு இருந்த ஒருவனிடம் இன்டர்வியூ முடிவில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று தொடங்கி அரை மணித்தியாலம் கதைத்தான். அதில் ஒரு மாதத்தைப் பிழையாகச் சொல்லிவிட்டான். அந்த ஒரு மாதத்தைப் பிடித்து அவனை மறுத்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு எங்களிடம் ஒரே பதில்தான். நோ, தாங்க்யூ.

ஒஃபிசராக எப்போதும் இருப்பது மன்னார் அண்ணை. வீட்டில் மூத்தவர். கடல் தொழில் செய்தவர். கறுப்பு ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் எழுதாத கடுதாசியைப் புரட்டிக்கொண்டு, கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார். எங்களுக்கு உண்மையான ஒஃபிசரிலும் அவரிடம்தான் பயம்.

டோகோக்காரர் வந்து கதிரையில் நிமிர்ந்து இருந்தார். எங்கே பிறந்தீர்கள் என்று அண்ணை இங்கிலீசில் கேட்டார். டோகோக்காரர், நான் பிறந்த ஊர் அதற்கு முந்தி பிரான்ஸின் பொறுப்பில் இருந்தது, அதற்கும் முந்தி ஜெர்மன்காரன் என்று தொடங்கினார். அண்ணை கையைத் தூக்கினார்.

"பிரதர், நான் கேட்டது நீங்கள் பிறந்த இடம். ஜெர்மன்காரன் பிறந்த இடமில்லை."

பிறகு எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். "உவர் ஆதாம் ஏவாளிலையிருந்து தொடங்கிறார். யேசுநாதர் பிறக்க முன்னமே ஒஃபிசர் சாப்பிடப் போயிடுவான்."

எல்லோரும் சிரித்தார்கள். விளங்காமலே டோகோக்காரரும் சிரித்தார்.

அன்றைக்கு ஸ்டேசன்வரை அவரோடு நடந்து போனேன். அவருக்கு ஒரு வக்கீல் இருந்தாள். காசு வாங்காத வக்கீல். எல்லாவற்றையும் உங்கள் வாயால் விளக்கமாகச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லியிருந்தாளாம். நான் அதை ஏற்கவில்லை. அவள் அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவளில்லை என்றேன்.

"அதையெல்லாம் வெட்டினால், நான் ஏன் அந்தப் பாஸ்போர்ட்டோடு வந்தனான் எண்டு அவைக்கு எப்படி விளங்கும்?" என்று கேட்டார்.

"விளங்கத் தேவையில்லை. நீங்கள் ஒண்டையும் மாத்திச் சொல்லாமல் விட்டால் காணும். ஓம் எண்டால் ஓம். இல்லையெண்டால் இல்லை."

ஸ்டேசன் வாசலில் நின்று அவர் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் இன்னும் ஒருக்கால் செருகிவிட்டார். பிறகு சரி என்றார்.

நாலு ஞாயிறு வந்தார். முதலில் ஜெர்மன்காரனை வெட்டினோம். பிறகு அந்த எல்லைக் கோட்டை வெட்டினோம். அம்மாவின் கதையை வெட்டினோம். வேலைத்தலத்திலும் விரிப்பைப் பிடித்துக்கொண்டே நான் கேள்வி கேட்பேன். உங்கள் தாயார் எங்கே பிறந்தவர்? கானா. மாமா எந்த நாட்டுக்காரர்? கானா. நாலாவது ஞாயிறு ஒரு பிழையும் இல்லை. அண்ணை எழும்பி ஜாக்கெற்றைக் கழற்றிவிட்டு அவருக்குக் கை கொடுத்தார். ஆட்டுக்கறி காய்ச்சினோம்.

ரிவியூ நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். சிற்றியில் ஒரு உயரமான கட்டடம். விசாரித்தது ஒரு பெண். என் வயது இருக்கும். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அவசரப்பட வேண்டாம் என்றார். வக்கீல் எழுதிக் கொடுத்ததைத் தான் படித்துவிட்டதாகவும், இன்றைக்கு அவரிடமே கேட்க விரும்புவதாகவும் சொன்னார். நான் பின்னால் சுவரோரக் கதிரையில் இருந்தேன்.

கேள்விகள் வந்தன. அண்ணை கேட்ட அதே கேள்விகள் மாதிரித்தான். பாஸ்போர்ட் யார் எடுத்துத் தந்தது? மாமா. பொய்ப் பாஸ்போர்ட்டா? இல்லை. தாயார் கானாவில் பிறந்தவரா? ஓம். கானாவில் ஐந்து வருசம் இருந்தீர்களா? ஓம். கானாப் பொலிஸ் உங்களைப் பிடித்ததா? இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் பிறகு அந்தப் பெண் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் வரும் என்று பொறுத்துக்கொண்டிருந்தார். அது எனக்கு அப்போது தெரியவில்லை. நல்லாகப் போகிறது என்று நினைத்தேன். வக்கீல் பெண் மட்டும் கதிரையில் அசைந்துகொண்டிருந்தாள்.

கடைசியில் அந்தப் பெண் பேனாவை வைத்தார்.

"கானா ஏன் உங்களுடைய நாடு இல்லை? அதைப் பற்றி வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா? நேரம் இருக்கிறது."

டோகோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த முகம் எனக்கு இப்போதும் தெரியும். விரிப்பின் மூலையை விடலாமா என்று கேட்கிறபோது பார்க்கிற மாதிரி. நான் தலையை மெல்ல ஆட்டினேன். வேண்டாம் என்று.

"நோ, தாங்க்யூ" என்றார்.

வெளியே வந்ததும் வக்கீல் அவரைப் பார்த்து ஏன் என்று கேட்டாள். அவர் லிஃப்ட் பட்டனை அமத்தினார். தலையை ஆட்டினது நான் என்று நானும் சொல்லவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு முடிவு வந்தது. மறுத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைக் கொண்டுவந்து ஒரு இடத்தில் விரலை வைத்து எனக்கு வாசித்துக் காட்டினார். கானா தன் நாடு இல்லை என்பதை விளக்க அவருக்குச் சந்தர்ப்பம் கொடுக்கப்பட்டது, சொல்ல ஒன்றும் இல்லை என்று அவரே சொன்னார் என்று இருந்தது. அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தார். வாத்தியார் வாசிக்கிற மாதிரி.

மத்தியானத்துக்குப் பிறகு விரிப்புப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது நான் சொன்னேன். "நான்தான் சொல்ல வேண்டாம் எண்டனான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "உன்ர பக்கம் தொய்யுது, பிரதர்" என்றார். நான் இழுத்துப் பிடித்தேன்.

அந்த நாட்களில் நான் யோசித்த ஒன்றையும் எழுத வேண்டும். எனக்கு விசா கிடைத்தது நான் சுருக்கமாகப் பேசினதால் இல்லை. என் படகில் வந்தவர்களில் அனேகமாக எல்லோருக்கும் கிடைத்தது. பேசினவனுக்கும் கிடைத்தது, பேசாதவனுக்கும் கிடைத்தது. வன்னியில் நடந்தது அப்போதுதான் நடந்திருந்தது. ரீவியில் எல்லோரும் பார்த்திருந்தார்கள். என் கதையை நான் சொல்லத் தேவையே இருக்கவில்லை. டோகோவை யார் ரீவியில் பார்த்தது?

இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றாள் வக்கீல். மந்திரிக்கு எழுதலாம். மந்திரி விரும்பினால் பார்ப்பார், விரும்பாவிட்டால் விடுவார். அவரை அறிந்தவர்களும் கடிதம் கொடுத்தால் நல்லது என்றாள். ஒரு கடிதம் நான் எழுதுகிறேன் என்று சொன்னேன். எனக்கு இங்கிலீசில் எழுத வராது. தமிழில் எழுதுகிறேன், யாரையாவது கொண்டு மாற்றுவிக்கிறேன் என்றேன். முதலிலிருந்து சொல்லுங்கள் என்று டோகோக்காரரிடம் கேட்டேன். முழுசாகவா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்கினார்.

இரண்டு ஞாயிறு ஸ்பிரிங்வேலில் ஒரு வியட்நாம்காரரின் பாண் சுடுகிற கடை வாசலில் இருந்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் கொப்பியில் எழுதினேன். இந்த முறை ஒன்றையும் வெட்டவில்லை.

1956இல் கோட்டுக்கு இங்கிலீசுப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வாக்குப் பெட்டிகளோடு வந்து, கோல்ட் கோஸ்டோடு சேர விருப்பமா என்று சனத்தைக் கேட்டார்கள். கானாவுக்கு அப்போது அந்தப் பெயர். அம்மாவின் ஆட்கள் வெயிலில் நடந்து போய், வேண்டாம், மற்றப் பக்கத்துச் சனத்தோடு எங்களைச் சேர்த்து விடுங்கள் என்று வாக்குப் போட்டார்கள். வடக்கில் இருந்த வேறு சனம் சேரலாம் என்று போட்ட வாக்கு அதிகம். அதனால் தோற்றார்கள். அடுத்த வருசம் காலையில் எழும்பும்போது கானாக்காரராக இருந்தார்கள். பிறகு இரண்டு நாட்டுத் தலைவர்களுக்கும் ஒத்துவராமல் எல்லையைப் பூட்டினார்கள். அம்மாவின் அப்பா செத்தபோது அம்மா பற்றைக்குள்ளால் நடந்துதான் செத்தவீட்டுக்குப் போனார். மாமா அப்போதே அம்மாவுக்கு ஒரு கானாக் கடுதாசி எடுத்துக் கொடுத்தார். அம்மாவிடம் இரண்டு கடுதாசி இருந்தது. எந்தப் பக்கத்துப் பட்டாளம் நிற்கிறதோ அந்தப் பக்கத்துக் கடுதாசியைக் காட்டுவார்.

அந்த இடத்தில் நான் பேனாவை நிற்பாட்டினேன். லொறி ஓடின காலத்தில் என்னிடமும் இரண்டு பாஸ் இருந்தது. ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்கு ஒன்று. அதைத் தாண்டினால் இயக்கத்துக்கு ஒன்று. ஒன்றை வலது பக்கப் பொக்கெற்றிலும் மற்றதை இடது பக்கத்திலும் வைத்திருப்பேன், மாறிப் போகாமல். பாஸ் தந்தவனுக்குச் சொந்தமானவன் நான் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. போக வேண்டும், அதற்காகக் கடுதாசி. அவ்வளவுதான். இது எனக்குத் தெரிந்த விசயம். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். ரிவியூ அறையில் எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

அவர் மேலே சொன்னார். முதல் ஜனாதிபதியின் கதை. பிரான்ஸுக்காக வேறு நாட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்த டோகோப் பட்டாளத்துக்காரர் அவரிடம் வேலை கேட்டார்கள். நாடு சின்னது, பெரிய பட்டாளம் தேவையில்லை என்று அவர் மறுத்தார். 1963இல் ஒரு விடியப்புறம் அவரைச் சுட்டார்கள். ஒரு தூதரகத்துக்குள் ஓடி ஒளிக்கப் பார்த்தவர் அதன் வாசலிலேயே கிடந்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவர்தான் பிறகு முப்பத்தெட்டு வருசம் ஆண்டவர். அவர் எந்த ஊருக்கு வந்தாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று ஆடிப் பாட வேண்டும். வரிசை கட்டுவது வாத்தியார் வேலை. வகுப்பில் 1963 வந்தால் ஒரே வரியில் தாண்டிவிட வேண்டும்.

"இருபத்திரண்டு வருசம் நான் சுருக்கித்தான் படிப்பிச்சனான்" என்றார். "ஒரேயொரு நாள் கண்டதை முழுசாய் எழுதினன். அதுதான் அந்தத் தேர்தல் தாள். பிறகு இங்கை வந்து திரும்பச் சுருக்கிப்போட்டன்."

என்னைக் குறை சொல்லிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

கொப்பியில் பதினொரு பக்கம் வந்தது. மெல்பேர்னின் மற்றப் பக்கம், பொயிண்ட் குக்கில், ஒரு தமிழ்நாட்டுப் பெண் இருந்தார். கொம்பியூட்டர் வேலை. கோயிலில் எங்கள் ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பவர். அவரிடம் கொண்டுபோனேன். மேசையில் வைத்து முழுவதையும் வாசித்தார்.

"அண்ணா, ரொம்ப நீளமா இருக்கு. மினிஸ்டர் ஆஃபீஸ்ல இவ்வளவு படிக்க மாட்டாங்க. ஒரு பக்கமாக் குறைச்சுத் தரட்டுமா?"

"வேண்டாம் பிள்ளை. இருக்கிறபடியே போடுங்கோ."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியும்" என்றேன். அவர் இரண்டு சனி, ஞாயிறு செலவழித்து மாற்றிக் கொடுத்தார். ஒரு வரி விடவில்லை.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. ஒரு தாள். மந்திரி இதில் தலையிட விரும்பவில்லை என்று இருந்தது. காரணம் இல்லை. காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று மட்டும் இருந்தது. பதினொரு பக்கத்தை யாராவது வாசித்தார்களா என்பது தெரியாது.

பிடித்து அனுப்பும்வரை நிற்க அவர் விரும்பவில்லை. தானாகப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தார். 2013 மார்ச். நான்தான் ஏற்போட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். மன்னார் அண்ணையும் வந்தார். வழி முழுக்க அண்ணை ஒரு பகிடியும் விடவில்லை. உள்ளே போகிற இடத்தில் டோகோக்காரர் எங்கள் இருவருக்கும் கை கொடுத்தார். மகளுக்கு என்று ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தார். அங்கே அது போடுகிற குளிர் வருமா என்று அண்ணை கேட்டார். வராது என்றார்.

கானாவில் மாமா வீட்டில் போய் இருந்தார். பிறகு எல்லையோரத்து ஊர் ஒன்றுக்கு வந்தார். டோகோவின் தலைநகரம் எல்லையிலேயே இருக்கிறது. றோட்டுக்கு இந்தப் பக்கம் கானா, அந்தப் பக்கம் அவருடைய பட்டினம். சனிக்கிழமைகளில் மனைவியும் மகளும் சந்தைக்கு வருகிற சனத்தோடு சனமாக இந்தப் பக்கம் வருவார்கள். ஒரு சாப்பாட்டுக் கடையில் ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார்கள். ஞாயிறு பின்னேரம் நான் போன் காட் போட்டு அவருக்கு எடுப்பேன். அங்கே காலை. மகள் தன்னிலும் உயரமாகிவிட்டாள் என்றார். எட்டு வருசத்துக்குப் பிறகு கண்டபோது அவள் கை கொடுத்தாளாம், வாத்தியாருக்குக் கொடுக்கிற மாதிரி. இப்போது பரவாயில்லை என்றார்.

ஓகஸ்ட் மாதம் ஒரு ஞாயிறு, சனிக்கிழமை மகள் மட்டும் வந்தாள் என்றார். வீட்டுக்கு யாரோ வந்து, கிழமைக்கு ஒருக்கால் எல்லை தாண்டி எங்கே போகிறாய் என்று மனைவியைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் அந்த இடத்தை விட்டுப் போங்கள் என்றேன். எங்கே என்று கேட்டார். ஏதாவது நடந்தால் எடு என்று மனைவியின் நம்பரைத் தந்தார்.

அடுத்த ஞாயிறு அவருடைய போன் எடுபடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறும் இல்லை. அந்த மாதம் இங்கே தேர்தல் பிரசாரம். ரீவியைப் போட்டால் படகை நிற்பாட்டுவோம், படகை நிற்பாட்டுவோம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அண்ணை ரீவியை நிற்பாட்டிவிட்டு, மனைவிக்கு எடுத்துப் பார் என்றார்.

அந்த நம்பர் ஒரே ஒருமுறைதான் எடுபட்டது. பிறகு, பிரெஞ்சு தெரிந்த மொரீசியஸ்காரி ஒருத்தியை வேலையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை எடுத்தேன். கிடைக்கவில்லை. மாமா வீட்டுக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. அவர் இருக்கிறாரா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எடுபட்ட அந்த ஒருமுறை ஒரு பெண் குரல் வந்தது. நான் அவருடைய பெயரைச் சொன்னேன். ஆஸ்திரேலியா என்றேன். அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண் பேசத் தொடங்கினார். பிரெஞ்சாக இருக்கும். நடுவில் அவர்களுடைய பாஷைக்கும் மாறியிருப்பார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எனக்கு விளங்காது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். கத்தவில்லை. அழுததாகவும் சொல்ல முடியாது. முதலிலிருந்து சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். டோகோக்காரரின் பெயர் மூன்று முறை வந்தது. மூன்றாவது தரம் குரல் மாறினது.

குசினியில் நின்றுகொண்டு போனைக் காதில் பிடித்திருந்தேன். என்னவாம் என்று அண்ணை சைகையால் கேட்டார். நான் கையைக் காட்டினேன், பொறுங்கோ என்று. போன் காட்டில் இன்னும் பத்து நிமிசத்துக்கு மேல் காசு இருந்தது. அது முடிந்து லைன் தானாக அறுகிறவரைக்கும் அந்தப் பெண் நிற்பாட்டவில்லை. நானும் குறுக்கே ஒன்றும் சொல்லவில்லை.